நிவாரணம் யார் பெயருக்கு வருகிறது?
கமக்காரர் குழுக்களுக்கான பாடம்



ஒரு கொள்ளைநோய் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், பசளை கிடைக்காமல் பயிர் கெட்டாலும் அரசாங்கம் ஏதோ ஒரு நிவாரணத்தை அறிவிக்கிறது. வானொலியில் செய்தி வருகிறது. கிராம உத்தியோகத்தரின் வாசலில் வரிசை நிற்கிறது. சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் "ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள்" என்று மனம் வெதும்பி வீடு திரும்புகிறார்கள்.

ஆள் பார்த்துக் கொடுப்பதும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலான வேளைகளில் காரணம் அதுவல்ல. நிவாரணம் எந்த இடாப்பைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதோ, அந்த இடாப்பில் நமது பெயர் இல்லை என்பதே காரணம். கிண்ணியாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இடம்பெயர்ந்து வந்து பிறருடைய வயலைச் செய்யும் குடும்பங்களுக்கு இது முக்கியமான விடயம். 2020ஆம் ஆண்டு தொடங்கிய கொவிட்-19 கொள்ளைநோய்க் காலத்தையும் அதைத் தொடர்ந்த பசளைத் தட்டுப்பாட்டுக் காலத்தையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1. அந்தக் காலத்தில் என்னென்ன வந்தன?

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. வயல் வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் சந்தை மூடிக் கிடந்தது, கூலி வேலை நின்றது, வெளியூர் வியாபாரிகள் வரவில்லை. அந்நிலையில் ஏப்ரல், மே மாதங்களுக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபா வீதம் கொடுப்பனவு வழங்கப்பட்டது. சமுர்த்தி பெறுவோர், சமுர்த்திக்காகக் காத்திருப்போர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், கமக்காரர் காப்புறுதியில் பதிந்தோர் என்று பல வகையினர் அதில் சேர்க்கப்பட்டனர். 2021இலும் சித்திரைப் புத்தாண்டையொட்டி 5,000 ரூபாவும், ஜூன் மாதத்தில் 5,000 ரூபாவும், ஆகஸ்ட் மாதத்தில் 2,000 ரூபாவும் கொடுக்கப்பட்டன.

நெற்செய்கையாளருக்கு 2 ஹெக்டயர் வரை பசளை இலவசம் என்ற திட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. தொழில் நொடித்தவர்களுக்காக மத்திய வங்கி கடன் தவணைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. 4 சதவீத வட்டியில் தொழில் மூலதனக் கடனுக்கும் வழி செய்தது.

பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது 2021/22 பெரும்போகம் விதைத்து முடிந்துவிட்டது. பயிர் மஞ்சளித்தது, கதிர் குறைந்தது. 2022 ஜனவரியில் அரசாங்கம் இழப்பீடு பற்றிப் பேசியது. நெல் கிலோ ஒன்றுக்கு 25 ரூபா மேலதிகமாகக் கொடுத்து, 50 ரூபாவாக இருந்த கொள்வனவு விலையை 75 ரூபாவாக்குவதாக அறிவிக்கப்பட்டது. நெற்செய்கையாளர் இழப்பீட்டுக்கென 4,000 கோடி ரூபா என்ற தொகையும் சொல்லப்பட்டது.

அதன்பின் 2022/23 பெரும்போகத்திலிருந்து பசளை மானியம் மீண்டும் பணமாக வங்கிக் கணக்குக்கு வரலாயிற்று. 2024/25 பெரும்போகத்தில் அது ஹெக்டயருக்கு 25,000 ரூபா என்றும், ஆகக் கூடியது 2 ஹெக்டயருக்கு என்றும் உயர்த்தப்பட்டது.

2. நிவாரணத்தை அளக்கும் மூன்று அளவுகோல்கள்

மேலே கண்ட உதவிகளைக் கவனித்துப் பாருங்கள். அவை எல்லாம் ஒரே கோலால் அளக்கப்படவில்லை.

(அ) குடும்பத்தை எண்ணிக் கொடுப்பது. 5,000 ரூபா கொடுப்பனவு இவ்வகை. ஒரு ஏக்கர் செய்பவருக்கும் காணியே இல்லாதவருக்கும் ஒரே தொகை. ஏழைக்கு இதுவே நியாயமான கோல். ஆனால் உறவினர் வீட்டில் ஒதுங்கி வாழும் இடம்பெயர்ந்த குடும்பம், அந்த வீட்டுக்காரரின் குடும்பத்தோடு ஒன்றாக எண்ணப்படும் ஆபத்து இதில் உண்டு. ஒரு கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

(ஆ) காணியை அளந்து கொடுப்பது. பசளை மானியமும் பயிர்க் காப்புறுதியும் இவ்வகை. காணி கூடினால் தொகை கூடும். 2 ஹெக்டயர் என்ற எல்லை இருப்பதால் பெரிய போடிமார் அளவின்றிப் பெறுவது தடுக்கப்படுகிறது. ஆனால் பணம் போவது காணி யார் பெயரில் பதியப்பட்டுள்ளதோ அவருக்கே. சேற்றில் இறங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

(இ) விளைச்சலை நிறுத்துக் கொடுப்பது. கிலோவுக்கு 25 ரூபா என்பது இவ்வகை. கேட்கும்போது இனிமையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 2,000 கிலோ விற்றவருக்கு மேலதிகமாக 50,000 ரூபா வரும். பயிர் கெட்டு 600 கிலோ மட்டும் அறுத்து, அதையும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டவருக்கு ஒரு சதமும் வராது. அதிகம் இழந்தவருக்குக் குறைவாகக் கொடுக்கும் இழப்பீடு இது.

எனவே ஒரு நிவாரணம் அறிவிக்கப்பட்டதும் "எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்பதற்கு முன்னர் "எதை அளந்து தருகிறார்கள்? எந்த இடாப்பைப் பார்த்துத் தருகிறார்கள்?" என்று கேட்கப் பழகுவோம்.

3. மற்ற நாடுகளில் நடந்தது

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல.

ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஏப்ரல் மாதத்தில் கமக்காரருக்கென 1,900 கோடி டொலர் உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 1,600 கோடி டொலர் நேரடியாகக் கமக்காரருக்குக் கொடுக்கவென ஒதுக்கப்பட்டது. விளைந்த தானியத்தின் அளவையும் கால்நடைகளின் எண்ணிக்கையையும் கொண்டு தொகை கணக்கிடப்பட்டது. ஒருவருக்கு ஆகக் கூடியது 250,000 டொலர் என்று எல்லை வைத்தார்கள். எல்லை அவ்வளவு உயரத்தில் இருந்ததால், பெரிய பண்ணைக்குப் பெரிய தொகையும் சிறிய பண்ணைக்குச் சிறிய தொகையும் போயின.

இந்தியாவில் ஆண்டுக்கு 6,000 ரூபாவை மூன்று தவணைகளில் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பிரதமர் கிசான் திட்டம் 2019இல் ஆரம்பிக்கப்பட்டது. கொள்ளைநோய் வந்தபோது 2020 ஏப்ரலில் 2,000 ரூபா தவணையை முன்கூட்டியே அனுப்பினார்கள். ஆனால் இத்திட்டம் காணி உரிமையாளருக்கு மட்டுமே உரியது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவருக்கு அதில் இடமில்லை. அதே வேளையில் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. பெயர்களைச் சரிபார்க்காமல் சேர்த்ததால், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் போன்ற மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் இலட்சக்கணக்கில் பட்டியலில் ஏறினார்கள். ஏறத்தாழ 110 கோடி ரூபா தவறான கணக்குகளுக்குப் போனதாக 2020 செப்டம்பரில் அம்மாநில அரசே தெரிவித்தது. தரகர்களும் ஒப்பந்த ஊழியர்களும் கைதாயினர். உழாதவர் பெயர் இடாப்பில் இருந்தது, உழுதவர் பெயர் இருக்கவில்லை.

இதற்கு மாறாக, ஒடிசா மாநிலம் 2018 இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரத்துக்குப் பயிரிடுவோரையும் காணியற்ற கமத்தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. விருப்பம் இருந்தால் வழி செய்ய முடியும் என்பதற்கு இது உதாரணம்.

4. நமது நிலைமை

கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையில் உள்ளது கிண்ணியா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மகாவலி கடலில் கலக்கும் தாழ்நிலம். ஊரவர்களில் பலர் மீன்பிடியையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்தாலும், வயலை நம்பியவர்களும் ஏராளம். 1985, 1990ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2006இல் மாவிலாற்றை அடுத்து மூண்ட போர் ஆகியவை இம்மாவட்டத்துக் கமக்காரரை மாறி மாறி இடம்பெயர்த்தன. 2006 ஆகஸ்ட்டில் மூதூர் மக்கள் கிண்ணியாவுக்கும் கந்தளாய்ப் பக்கத்துக்கும் நடந்து வந்ததை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இந்த மாவட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக இடம்பெயர்ந்திருக்கிறோம்.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துக்கு இரண்டு வயல்கள் உண்டு எனலாம். ஒன்று விட்டு வந்த வயல். அது காடு பற்றியிருக்கலாம், பிறர் செய்துகொண்டிருக்கலாம், உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருக்கலாம். மற்றையது இப்போது குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்யும் வயல். அது வேறொருவரின் பெயரில் இருக்கிறது. முதல் வயலைச் செய்யாததால் அங்கு மானியம் இல்லை. இரண்டாவது வயலில் பெயர் இல்லாததால் இங்கும் மானியம் இல்லை. இரு கரைக்கும் நடுவே தோணி நிற்பதுபோல் குடும்பம் நிற்கிறது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஒரு குடும்பம் 2 ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 0.8 ஹெக்டயர். ஹெக்டயருக்கு 25,000 ரூபா வீதம் பசளை மானியம் ஏறத்தாழ 20,000 ரூபா. 2017/18 பெரும்போகத்தில் அறிமுகமான இலவசப் பயிர்க் காப்புறுதியில் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகியவற்றுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு என்று சொல்லப்பட்டது. அந்த அளவின்படி முழுப் பயிரும் அழிந்தால் 2 ஏக்கருக்கு 80,000 ரூபா வரை. இரண்டையும் கூட்டினால் 100,000 ரூபா. விதை நெல்லும், உழவு இயந்திரக் கூலியும், களைநாசினியும், குத்தகைப் பணமும் கொடுத்தது பயிர் செய்த குடும்பம். கடன்பட்டதும் அந்தக் குடும்பமே. ஆனால் இடாப்பில் காணிக்காரரின் பெயர் மட்டும் இருந்தால் அந்த 100,000 ரூபாவும் அவரது கணக்குக்கே போகும்.

காணிக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பணம் வந்ததும் அழைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு போக வாழ்வு இன்னொருவரின் நல்ல மனதில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது.

5. சட்டம் என்ன சொல்கிறது?

குத்தகைக் கமக்காரரைக் காப்பதற்கு நமது நாட்டில் பழைய சட்டங்கள் உண்டு. 1958ஆம் ஆண்டில் விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைச் செய்கையாளருக்குப் பாதுகாப்பும் வாரத்துக்கு எல்லையும் வகுத்தது. பின்னர் 1979இல் கமநல சேவைகள் சட்டமும், 2000ஆம் ஆண்டில் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. கமநல சேவை நிலையத்தில் விவசாயக் காணிகளுக்கு ஓர் இடாப்பு வைத்திருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் ஏற்பாடு. காணி யாருக்குச் சொந்தம் என்பதுடன், அதில் பயிர் செய்பவர் யார் என்பதும் அந்த இடாப்பில் இடம்பெற வேண்டியது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது பதிவு.

6. நாம் செய்ய வேண்டியவை

(1) விதைப்புக்கு முன் பெயர் பதியுங்கள். ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் உங்கள் வட்டைக்குரிய கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, நீங்கள் செய்யும் வயலின் பெயர், பரப்பு, காணிக்காரர் பெயர், உங்கள் பெயர் ஆகியவை எவ்வாறு பதியப்பட்டுள்ளன என்று கேளுங்கள். வயலுக்குப் பொறுப்பான கமநல உத்தியோகத்தர் வயலுக்கு வரும்போது நீங்களும் அங்கு நில்லுங்கள்.

(2) காணிக்காரரோடு எழுத்தில் பேசுங்கள். "பெயரைப் பதிந்தால் காணி கைமாறிவிடும்" என்ற பயம் காணிக்காரருக்கு உண்டு. அந்தப் பயத்தை ஏளனம் செய்ய வேண்டாம். பயிர் செய்பவரின் பதிவு உறுதியை மாற்றுவதில்லை என்பதையும், அதே வேளை சட்டம் குத்தகைக்காரருக்குச் சில உரிமைகளைத் தருகிறது என்பதையும் ஒளிக்காமல் பேசுங்கள். எந்தப் போகம், எத்தனை ஏக்கர், குத்தகை எவ்வளவு, பசளை மானியம் யாருக்கு, பயிர் அழிந்தால் காப்புறுதிப் பணம் யாருக்கு என்ற ஐந்து விடயங்களையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவரோ செயலாளரோ சாட்சியாக இருக்கட்டும்.

(3) விட்டு வந்த வயலை மறக்க வேண்டாம். ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பழைய மானியச் சீட்டு, நெல் விற்ற சீட்டு எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால், காணி அமைந்துள்ள பிரதேச செயலகத்தில் அதற்கான பேரேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, திகதி முத்திரையுடன் ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள்.

(4) பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. கணவர் இறந்தோ காணாமற்போயோ இருக்கும்போது அனுமதிப்பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரிமையில் ஆண் பிள்ளைகளுக்கு முன்னிடம் கொடுத்த விதி 2022இல் திருத்தப்பட்டது. எனவே பழைய பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் மீண்டும் ஒருமுறை பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் திறந்து வைத்திருங்கள். இப்போது மானியம் கணக்குக்குத்தான் வருகிறது.

(5) பயிர் கெட்டால் அறுவடைக்கு முன் அறிவியுங்கள். அழிந்த வயலை உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். அறுத்து அடித்த பின் சொன்னால் எவராலும் அளக்க முடியாது. வெள்ளமோ வரட்சியோ வந்த நாள், பாதித்த ஏக்கர், அறிவித்த நாள், அறிவித்த உத்தியோகத்தரின் பதவி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

(6) பட்டியலைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் வட்டையில் எத்தனை ஏக்கருக்கு மானியம் வழங்கப்பட்டது, என்ன நிபந்தனையின்படி வழங்கப்பட்டது, உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாதவருக்கு உதவ வேண்டியதும் தகவல் உத்தியோகத்தரின் கடமையே.

தனியாக ஒருவர் போனால் "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்வது இலகு. கமக்காரர் அமைப்பின் பெயரில் பத்துக் குடும்பங்கள் ஒரே கடிதத்துடன் போனால் பதில் சொல்லத்தான் வேண்டும். இடம்பெயர்ந்தவர்களை அமைப்பில் சேர்த்துக்கொள்ளாத ஊர்கள் இருந்தால், அங்குள்ள நிரந்தரக் கமக்காரர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். வாய்க்கால் துப்புரவுக்கு அழைக்கப்படுபவரின் பெயர் இடாப்பிலும் இருக்க வேண்டும் அல்லவா?

7. இனி வரும் காலத்துக்கு

அரசாங்கத்திடம் நாம் எதைக் கேட்கலாம்? மூன்று விடயங்களைக் கேட்பது நியாயமானது. பசளை மானியமும் காப்புறுதியும் அந்தப் போகத்தில் பயிர் செய்பவரின் பெயருக்கு வர வேண்டும். இழப்பீட்டை விற்ற கிலோவால் அளக்காமல் இழந்த ஏக்கரால் அளக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது இப்போது வாழும் இடத்திலேயே நிவாரணம் கிடைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் புதிதாகப் பெரும் பணம் தேவையில்லை. இடாப்பைத் திருத்தினால் போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது கிழக்கிலும் வயல்கள் நீரில் மூழ்கின. கொள்ளைநோயோ வெள்ளமோ, அடுத்த அனர்த்தம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அது வந்த பின் பெயர் பதியப் போனால் காலம் கடந்துவிடும். ஆகவே இந்தப் போகத்து விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. 2020, 2021ஆம் ஆண்டுகளில் உங்கள் குடும்பத்துக்கு எந்தெந்தக் கொடுப்பனவுகள் கிடைத்தன? கிடைக்காதவை எவை? எந்த இடாப்பில் பெயர் இல்லாததால் கிடைக்கவில்லை?

2. உங்கள் குழுவில் எத்தனை பேர் பிறருடைய வயலைச் செய்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்தில் உடன்படிக்கை உண்டு?

3. காணிக்காரரின் பயத்தையும் பயிர் செய்பவரின் தேவையையும் ஒருசேரத் தீர்க்க எப்படிப்பட்ட உடன்படிக்கை உதவும்? மாதிரி ஒன்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

4. விட்டு வந்த காணிக்குச் சான்றாக ஒவ்வொரு குடும்பத்திடமும் என்ன பத்திரம் இருக்கிறது? இல்லாதவர்கள் எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும்?

5. அடுத்த கூட்டத்துக்கு முன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று வருவோர் யார்? இரண்டு பேரின் பெயரை இன்றே தீர்மானியுங்கள்.